கோப்பி வீழ்ந்தபோது நாணயத்தாளைக் காத்த தேசாதிபதி

உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கும் எவரும் இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்திருப்பர். ஒன்று, உரிமம் பெற்ற வர்த்தக வங்கி. மற்றது, உரிமம் பெற்ற சிறப்பியல்பு வாய்ந்த வங்கி. முதலாவது நடைமுறைக் கணக்கு நடத்தலாம். கேட்டவுடன் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். இரண்டாவதற்கு அந்த அனுமதி இல்லை. பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் வங்கி வேலைகளை ஏன் இப்படிப் பிரித்து வைக்க வேண்டும் என்று தேடத் தொடங்கிய நான், 1884 ஆம் ஆண்டுக்கும் எமது மாத்தளையின் கோப்பித் தோட்டங்களுக்கும் சேர் ஆதர் ஹமில்டன் கோர்டன் என்ற தேசாதிபதிக்கும் போய்ச் சேர்ந்தேன்.

கோர்டன் 1829 இல் லண்டனில் பிறந்தவர். தந்தை அபர்டீன் பிரபு 1852 முதல் 1855 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்தார். கடைசி மகனான கோர்டன் அவரது செயலாளராக அரசியலைப் பழகினார். பின்னர் நியூ பிரன்ஸ்விக், டிரினிடாட், மொரீஷியஸ், பீஜி, நியூசிலாந்து என்று ஒரு குடியேற்ற நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஆளுநராகச் சென்றார். பிரபு குடும்பத்தின் பெருமிதம் அவரிடம் நிறையவே இருந்தது. தோட்டத்துரைமாரோடு அவர் பல இடங்களில் மோதினார். பீஜி மக்களின் நிலத்தை வெள்ளையர் வாங்காதபடி காத்தவர் அவர்தான். ஆனால் அந்த மக்களைத் தோட்ட வேலையிலிருந்து விடுவிக்க அவர் கண்ட வழி, 1879 இல் லியோனிடாஸ் என்ற கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை இறக்கியதே. ஒருவரின் பாரத்தை இறக்கி இன்னொருவரின் தலையில் வைத்த இந்தச் செயலை நான் நியாயம் என்று எழுதமாட்டேன்.

1883 டிசம்பரில் அவர் இலங்கைக்கு வந்தபோது கோப்பி சாகக் கிடந்தது. 1870 இல் பத்து லட்சம் அந்தருக்கு மேல் ஏற்றுமதி செய்த நாடு இது. அதற்கு முந்திய வருடமே இலையில் செம்மஞ்சள் தூளாகப் படியும் நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆரம்பத்தில் பலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கோப்பியை ஏற்றிச் செல்லவென்று மாத்தளைக்கு ரயில் பாதை வந்தது 1880 இல். அப்போது ஏற்றுவதற்குக் கோப்பி குறைந்துகொண்டே போனது. எமது ஊரின் ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

தோட்டங்களுக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானது ஒரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். அந்த வங்கி மூன்று வேலைகளை ஒரே கூரையின் கீழ் செய்தது. மக்களின் வைப்பைப் பெற்றது, தன் பெயரில் நாணயத்தாள் அச்சிட்டு வெளியிட்டது, அந்தப் பலத்தில் கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தது. கோப்பிக் கன்று நட்டால் காய்க்க மூன்று வருடமாவது வேண்டும். நாணயத்தாளை வைத்திருப்பவரோ நாளைக் காலையிலேயே வந்து வெள்ளிக் காசு கேட்கலாம். மரம் அவருக்காக அவசரப்படாது. தோட்டங்கள் விழ, ஈடாக வாங்கிய காணிகளை விற்க ஆளில்லாமல் போனது. மொரீஷியஸில் சீனித் தோட்டங்களுக்குக் கொடுத்த கடனும் சேர்ந்து அழுத்தியது. 1884 மே 3 ஆம் திகதி வங்கி கதவை மூடியது.

அன்று ஒரு கடைக்காரரின் பெட்டியிலோ, கங்காணியின் மடியிலோ இருந்த தாள் என்னவாகும்? வங்கி முறிந்தால் அதன் தாள் வெறும் காகிதம். வந்து ஐந்து மாதமே ஆன கோர்டன், அந்த வங்கியின் நாணயத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். கொழும்பில் கிளம்பிய பீதி அடங்கியது. வைப்பாளர்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வங்கியின் சொத்தை விற்று வருவதற்காக அவர்கள் காத்திருந்தார்கள்.

இந்த வேறுபாட்டை எங்கள் அயலில் இடியப்பம் விற்கும் மாமி ஒருவரிடமிருந்துதான் நான் விளங்கிக்கொண்டேன். அவர் சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஒரு நிதி நிறுவனத்தில் வைத்தார். பளபளக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து அதையும் வங்கி என்றே நம்பினார். அது விழுந்து வருடங்கள் கழித்து ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. அவருடைய முந்தானையில் முடிந்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாளுக்குப் பின்னால் நின்றது வேறு கை.

அந்த வேறு கையை எமது நாட்டில் சட்டமாக்கியது கோர்டனின் அரசாங்கமே. 1884 இன் 32 ஆம் இலக்கக் காகித நாணயக் கட்டளைச் சட்டம் நாணயத்தாள் வெளியிடும் உரிமையைத் தனியார் வங்கிகளிடமிருந்து எடுத்து நாணய ஆணையாளர் சபையிடம் கொடுத்தது. 1885 முதல் அரசாங்கத் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. 1950 இல் மத்திய வங்கி திறக்கப்படும் வரை அந்த ஏற்பாடே நீடித்தது.

வைப்பாளர்களின் பணத்துக்கு வேலி போடும் எண்ணம் உலகில் பிந்தித்தான் வந்தது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் முறிந்த பிறகு, 1933 இல் கார்டர் கிளாஸ், ஹென்றி ஸ்டீகல் ஆகிய இருவரின் பெயரால் வந்த சட்டம், வைப்புப் பெறும் வங்கியையும் பங்கு, பிணையங்களில் இறங்கும் முதலீட்டு வங்கியையும் பிரித்தது. 1999 இல் அந்த வேலியின் முக்கிய பகுதியை அவர்களே பிடுங்கினார்கள். ஒன்பது வருடத்தில் 2008 நெருக்கடி வந்தது. வேலியை எடுத்ததுதான் காரணமா என்று பொருளியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

கோர்டன் இங்கு செய்த மற்றவற்றில் சிலவற்றையாவது சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பாக்கி தோட்டத்தின் மீது முதல் உரிமையுடைய கடன் என்று அவரது ஆட்சிக் காலத்தில்தான் சட்டமானது. தோட்டம் முறிந்தால் துரைக்குக் கடன் கொடுத்தவருக்கு முன்னர் கூலியாள் நிற்கலாம். கலாவெவ 1887 இல் புனரமைக்கப்பட்டது. 1889 இல் சட்டநிரூபண சபையில் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தனி இடம் கிடைத்தது; எம். சி. அப்துல் ரஹ்மான் எமது சமூகத்தின் முதல் உறுப்பினரானார். அதே வருடம் கோர்டன் தம் மனைவியை இழந்தார்.

1890 இல் அவர் இலங்கையை விட்டுச் சென்றார். ஸ்டன்மோர் பிரபு என்ற பட்டத்தை 1893 இல் பெற்று, 1912 ஜனவரியில் காலமானார். அவர் போன இரண்டாம் வருடம், முறிந்த வங்கியின் இடத்தில் தொடங்கிய புதிய ஒரியண்டல் வங்கியும் மூடப்பட்டது. அப்போதும் வைப்பாளர்கள் அடிபட்டார்கள். ஆனால் எட்டு வருடத்துக்கு முன் கைக்காசு காகிதமாகிவிடுமோ என்று பதறியவர்களிடம் இம்முறை இருந்தது அரசாங்கத்தின் தாள். அதை மாற்ற அந்த வங்கியின் வாசலில் யாரும் நிற்கவேண்டி வரவில்லை.