புலியைப் படம் பிடித்த ரெயில்வே காண்டிராக்டர்

ஜிம் கார்பெட் என்றதும் துப்பாக்கியும் புலியும்தான் நினைவுக்கு வரும். அவர் ரெயில்வேயில் வேலை பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1875-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி இமயமலை அடிவாரத்து நைனிதாலில் பிறந்தார். தந்தை அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். அவர் சீக்கிரமே இறந்துவிட, பெரிய குடும்பம் கஷ்டத்துக்கு உள்ளானது. ஆகவே ஜிம் பள்ளிப்படிப்போடு நிறுத்திக்கொண்டு ரெயில்வேயில் சேர்ந்தார். என்ஜின்களுக்கு விறகு வெட்டி அனுப்பும் எரிபொருள் இன்ஸ்பெக்டர் வேலை.

அடுத்து பீகாரில், கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட் என்ற துறைக்குப் போனார். அங்கே அகலப்பாதை வண்டியில் வரும் சரக்கை இறக்கி மீட்டர் கேஜ் வண்டிக்கு மாற்ற வேண்டும். அந்தக் காண்டிராக்டை எடுத்தார். தொடக்கத்தில் 3 மாதம் ரெயில்வேயில் இருந்து பணம் வரவில்லை. கூலிகள் ஒருவேளைச் சாப்பாட்டோடு உழைத்தார்கள். காண்டிராக்டரும் அவர்களோடு நின்று நிலக்கரி அள்ளினார். 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஸ்டேஷன் மாஸ்டரோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார். எல்லா சாதிப் பிள்ளைகளும் ஒரே வீட்டுக்குள் உட்காரக்கூடாது என்று பேச்சு வந்தது. சுவரை எடுத்துவிட்டார்கள். கூரை மட்டும் நின்றது. வீடு கொட்டகையாகிவிட்டதால் ஆட்சேபம் இல்லை!

ஆட்கொல்லிகள்

சம்பாவத் பெண் புலியை 1907-ல் அவர் சுட்டது இந்த வேலையில் இருந்தபோதுதான். நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர். பரிசுப் பணத்தை அரசு ரத்து செய்தால்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டுவிட்டுப் போனார். செத்த புலியின் வாயைப் பார்த்தால், கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் குண்டின் வேலை அது. இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதரிடம் திரும்பியது. காயம்பட்ட, வயதான புலியே ஆட்கொல்லி ஆகிறது. மற்றபடி புலி மனிதனுக்கு விரோதி அல்ல என்பதை அவர் பிறகு எழுதிய புத்தகங்களில் திரும்பத் திரும்பச் சொன்னார். ருத்ரபிரயாகையில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையை 1926-ல் வீழ்த்தினார்.

காமிரா

காட்டிலாகா அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் புலிகளை இரவில் பிளாஷ் விளக்கு வைத்துப் படம் எடுத்து வந்தார். அந்தப் படங்கள் கார்பெட்டின் மனதை இழுத்தன. அவர் பகல் வெளிச்சத்தில் சினிமாப் படமே எடுக்க ஆசைப்பட்டார். 16 மி.மீ. காமிரா ஓடினால் 'கிர்ர்' என்று சத்தம் வரும். புலிக்கோ கூர்மையான காது. என்ன செய்வது?

காட்டுக்குள் ஒரு சிற்றோடையைத் தேர்ந்தெடுத்து, ஆங்காங்கே கல் போட்டு அணைகட்டினார். தண்ணீர் குட்டி அருவிகளாக விழுந்தது. அந்த இரைச்சலில் காமிரா சத்தம் அமுங்கிவிட்டது. நாலரை மாதம் பாடுபட்டு 7 புலிகளை மிக நெருக்கத்தில் படம் பிடித்தார். ஒரு புலிகூட அவரைப் பார்க்கவில்லை. சுட்ட புலியின் தோல் ஒருவன் வீட்டுச் சுவரில் தொங்கும், அதுவும் நாளடைவில் மங்கிப்போகும். படத்தை ஊரே பார்க்கலாம் என்பது அவர் கணக்கு.

ஆனாலும் துப்பாக்கியை அவர் உடனே கீழே வைத்துவிடவில்லை. 1930-ல், யாரையும் கொல்லாத, பெரிய உடம்புக்காகவே பேர்போன பவல்கர் புலியைச் சுட்டார். வைசிராய் லின்லித்கோவுக்கு வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தார். புலியை நேசித்தவர் இதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

மறுபுறம், புலிக்கு ஒரு காடாவது மிஞ்ச வேண்டும் என்று கவர்னர் மால்கம் ஹெய்லியிடம் பேசினார். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லியின் பெயரில் உருவானது.

1947 நவம்பரில் தமக்கை மேகியுடன் கென்யா சென்றார். இருவருமே திருமணம் செய்துகொள்ளவில்லை. அங்கேயும் காமிராவை விடவில்லை. 1955 ஏப்ரல் 19-ந்தேதி காலமானார். 1957-ல் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். புலிகளைக் காக்கும் தேசியத் திட்டம் 1973 ஏப்ரல் 1-ந்தேதி தொடங்கியதும் அங்கேதான். 2022-ல் எடுத்த கணக்குப்படி கார்பெட் காப்பகத்தில் 260 புலிகள் இருந்தன.