எரோணிமுஸ் முனிவரும் பழம்பதிகளும்

விவிலிய நூலை இலத்தீன் மொழியிற் பெயர்த்தளித்த எரோணிமுஸ் முனிவரை ஜெரோம் என்றும் வழங்குவர். தால்மாத்தியா, பன்னோனியா என்னும் நாடுகளின் எல்லைப்புறத்தில் ஸ்திரிதோன் என்னும் ஊரிலே, 4ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தோன்றிய இவர், இளமையிலேயே உரோமை நகர் புகுந்து, தொனாத்துஸ் என்னும் இலக்கண ஆசிரியரிடம் பாடங் கேட்டார். வர்ஜிலின் பாட்டும் சிசரோவின் உரைநடையும் இவருள்ளத்தைக் கொள்ளை கொண்டன.

ஞாயிறுதோறும் உடன்மாணவருடன் இவர் செல்லுமிடம் ஒன்றுண்டு. அது நகர்ப்புறத்தே நிலத்தின்கீழ்க் குடையப்பட்ட கல்லறைச் சுரங்கமாகும். கிறித்துவின் பொருட்டு உயிர் நீத்தோர் உடலங்கள் இருமருங்குஞ் சுவர்களில் அடங்கிக் கிடக்க, மேலே அருகி அமைந்த துளைகளின் வழியே சிறிதளவே ஒளி இறங்கும். அடிமேல் அடிவைத்துச் செல்லும் அவ்விருளில் இவர் நினைவில் எழுந்தது சங்கீதமொன்று மட்டுமன்று. வர்ஜிலின் அடியொன்றும் உடனெழுந்தது. சான்றோர் கல்லறையிடையே நின்றவர்க்கும் தாம் கற்ற பழம்புலவன் வாக்கே நாவில் வருமாயின், அம்மொழிப்பற்றின் ஆழத்தை என்னென்பது! இலக்கணம் கற்பித்து வாழும் எமக்கு இஃது எளிதில் விளங்குகின்றது.

இப்பற்றே பின்னர் இவரை வருத்தியது. அந்தியோக்கியாவில் நோயுற்றுக் கிடந்தகாலை ஒரு கனாக் கண்டார். நடுவர் முன் நிறுத்தப்பட்டுத் தம்மைக் கிறித்தவர் என்று கூற, அது பொய்யென்றும் அவர் சிசரோவுக்குரியவரே என்றும் தீர்ப்பாகி, அடியும் பட்டார். இனி அந்நூல்களைத் தொடேன் என அக்கனவிலேயே சூளுரைத்தார். அச்சூளை முற்றக் காத்தாரல்லர் என்பதற்கு இவருடைய நடையே சான்றாகும். அது குறித்துப் பிற்காலத்தில் ருபீனுஸ் என்பார் இடித்துரைத்தபோது, கனவிற் செய்த சூள் தம்மைப் பிணியாது என விடையிறுத்தார். அவ்விடை எமக்கு அத்துணை நிறைவளிக்கவில்லை.

பாலைநிலத்திற் சிலகாலம் தவமிருந்து எபிரேயமும் கற்றார். 382ஆம் ஆண்டு மீண்டும் உரோமை சென்று, தமாசுஸ் பாப்பரசர்க்குத் துணையாயிருந்து, நற்செய்தி நூல்களின் இலத்தீன் பாடத்தைத் திருத்தினார். அவர் மறைந்தபின், 385இல், பழிச்சொற் பொறாது நகர் நீங்கினார். பவுலா என்னுஞ் செல்வமாதும் அவள் மகள் யுஸ்தோக்கியமும் வழியில் வந்து சேர்ந்தனர்.

எருசலேமிற் சிலுவை முன் பவுலா வீழ்ந்து வணங்கினாள். கல்லறைக் கல்லை முத்தமிட்டாள். பெத்லகேம்க் குகையிற் குழந்தையைக் கண்ணெதிரே கண்டாள் போலப் பேசினாள். எரோணிமுஸோ யூத அறிஞரை உடன்கொண்டு ஊரூராய்ச் சென்று பெயரும் இடமும் ஆராய்ந்தார். ஏதென்ஸைக் கண்டவன் கிரேக்க வரலாற்றைத் தெளிய உணர்தல் போல, யூதேயாவைக் கண்டவனே மறைநூலைத் தெளிய உணர்வான் என்பது இவர் கொள்கை. 386 முதல் இருவரும் பெத்லகேமிலேயே தங்கினர். பவுலாவின் பொருளால் மடங்களும் வழிப்போக்கர் விடுதியும் எழுந்தன. ஆண்டுதான் பெரும்பாலான பழைய ஏற்பாட்டு நூல்கள் எபிரேய மூலத்தினின்று இலத்தீனாயின.

இங்ஙனம் தலங்களைப் போற்றியவர், ஏறத்தாழ 395இல், அங்கு வர விழைந்த பவுலினுஸ் என்பார்க்கு வேறுவிதமாக எழுதினார். எருசலேமைக் கண்டது சிறப்பன்று, ஆண்டு நன்கு வாழ்ந்ததே சிறப்பு. பிரித்தானியாவினின்றும் வானகம் புகலாம். அந்தோணி முனிவர் அந்நகரைக் காணாமலே பேறு பெற்றார் என்பது அம்முடங்கலின் சாரம். கூத்தரும் பரத்தையரும் மலிந்த நகரென அதனைப் பழிக்கவுஞ் செய்தார். முன்னர் மார்செல்லா என்பாளை அங்கு வருமாறு விரும்பி அழைத்த மடலோடு இது முரணும். கேட்பார் தகுதி நோக்கிக் கூறினார் என்பர் சிலர். பல்லாண்டு அருகிருந்து வாழ்ந்தவர்க்கே தலத்தின் பெருமையும் குறையும் ஒருங்கே புலனாகும் என்பது எம் கருத்து.

404இல் பவுலா மறைந்தாள். 410இல் கோத்தியர் உரோமையைச் சூறையாடினர். செய்தி கேட்டு எசேக்கியேல் உரை எழுதுதலை நிறுத்தி அழுதார். செல்வராயிருந்தோர் இரவலராய்ப் பெத்லகேம் வாயிலில் வந்து நிற்க, எழுத்தாணியை வைத்துவிட்டு அவர்க்கு உணவும் இடமும் தேடினார். பகலில் ஓய்வின்மையின் இரவில் விளக்கொளியிலே, மங்கிய கண்ணோடு, அவ்வுரையை மெல்ல மெல்லத் தொடர்ந்தார்.

அவ்வுரையின் இருண்ட பகுதியொன்றை விளக்கப் புகுந்தவிடத்தேதான், இளமையில் ஞாயிறுதோறும் இறங்கிய உரோமைச் சுரங்கத்தை நினைவுகூர்ந்தார். வர்ஜிலின் அவ்வடியையும் மறவாது அங்கே எழுதிவைத்தார்.