தரங்கம்பாடியில் சீகன்பால்கு

சோழ நாட்டுக் கடற்கரையில் அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. தரங்கம் என்பது அலை. அலை பாடும் ஊர் என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். 1620ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, டென்மார்க்கு நாட்டு வணிகர் அங்கே டேன்ஸ்பர்க் என்னும் கோட்டையை எழுப்பினர். அன்று தொட்டு வணிகக் கப்பல்கள் அவ்வூருக்கு எதிரே கடலில் நங்கூரம் இட்டு நிற்பது வழக்கமாயிற்று. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் அவ்வாறு வந்து நின்ற கப்பல் ஒன்றில், வணிகரும் அல்லாத, போர்வீரரும் அல்லாத இளைஞர் இருவர் இருந்தனர். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் ஹென்ரிக் புளூச்சோ. கிறித்தவ சமயத் தொண்டு புரிய வந்தவர் அவர்.

சீகன்பால்கு ஜெர்மனியில் சாக்சனி நாட்டுப் புல்சினிட்சு என்னும் ஊரில் 1682ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடல்நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. ஹாலே நகரில் பிராங்கே என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்ற காலத்திலும் நோயால் அவர் கல்வி இடையிடையே தடைப்பட்டது. அக்காலத்தில் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடரிக், தம் ஆட்சிக்குட்பட்ட கீழைநாட்டு ஊர்களுக்குச் சமயத் தொண்டரை அனுப்ப விரும்பினார். தம் நாட்டில் தக்கவர் கிடையாமையால் ஜெர்மனியில் தேடச் செய்தார். சீகன்பால்கு இசைந்தார். 1705 நவம்பர் 29ஆம் நாள் கோபன்ஹேகன் துறையிலிருந்து புறப்பட்ட கப்பல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏழு திங்களுக்கு மேல் கடலில் கழித்துத் தரங்கம்பாடியை அடைந்தது.

கரையில் அவர்களை வரவேற்பார் ஒருவரும் இலர். கப்பலை விட்டு இறங்குவதற்கே சில நாள் காத்திருக்க நேர்ந்தது. கோட்டைத் தலைவராக இருந்த ஹாசியஸ் என்பவர், யாருடைய ஆணையால் வந்தீர்கள் என்று கடுமையாக வினவினார். மன்னரின் ஆணை கையில் இருந்தும் பயனில்லை. சமயத் தொண்டர் வந்தால் ஊரில் பூசல் உண்டாகும், வணிகம் கெடும் என்று வணிகக் கழகத்தார் அஞ்சினர். மன்னரோ பல்லாயிரம் கல் தொலைவில் இருந்தார். கோட்டைத் தலைவரோ அருகில் இருந்தார். தங்க இடமின்றித் தெருவில் நின்ற இளைஞர் இருவருக்கும் இரக்கமுள்ள ஒருவர் இடம் தந்தார். தரங்கம்பாடியில் அவர்கள் முதல் நாள் இவ்வாறு கழிந்தது.

கடற்கரை ஊர்களில் அந்நாளில் போர்ச்சுகீசிய மொழி பலருக்கும் பொதுமொழியாக வழங்கிற்று. ஐரோப்பியர் அம்மொழியை அறிந்து, அதனைக் கொண்டே தம் அலுவல்களை முடித்துக்கொண்டனர். மண்ணின் மொழியைக் கற்க வேண்டும் என்று அவர்களுட் பெரும்பாலோர் எண்ணியதில்லை. புளூச்சோ போர்ச்சுகீசிய மொழியில் மிகுதியும் கருத்தைச் செலுத்தினார். சீகன்பால்கு தமிழைத் தமக்கு உரியதாக எடுத்துக்கொண்டார்.

எவ்வாறு கற்பது? இலக்கண நூல் அவர் கையில் இல்லை, அகராதியும் இல்லை. ஊரில் முதிய உபாத்தியாயர் ஒருவர் சிறுவர்க்கு எழுத்தறிவித்து வந்தார். சீகன்பால்கு அம்முதியவரைத் தம் இல்லத்திலேயே பள்ளியை நடத்துமாறு வேண்டிக்கொண்டார். சிறுவர்கள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் அகரம் முதலிய எழுத்துகளை வரைந்து, வரைந்தவாறே உரக்க ஒலிப்பர். இருபத்து நான்கு வயதுடைய வெள்ளையர் அவர்களோடு ஒருவராய்த் தரையில் அமர்ந்து, தம் விரலாலும் எழுதி, தம் வாயாலும் ஒலித்தார். பல்கலைக்கழகத்தில் எபிரேயமும் கிரேக்கமும் பயின்றவர் அவர் என்பதை அச்சிறுவர் எங்ஙனம் அறிவர்?

இம்முறையில் எழுத்துகள் விரைவில் வசப்பட்டன. ஆயினும் ஓர் இடர் இருந்தது. உபாத்தியாயருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. ஆகவே படிக்கக் கற்றவர் படித்ததன் பொருளை அறியாமல் திகைத்தார். அந்நிலையில் அழகப்பர் என்பவர் அவருக்குத் துணையாக வாய்த்தார். வணிகக் கழகத்தில் முன்னர் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை நன்கு அறிந்தவர். அவர் பொருள் கூற, சீகன்பால்கு சொற்களைத் தொகுத்து எழுதினார். ஓராண்டு நிறைவதற்கு முன்னரே தமிழில் பேசவும் தொடங்கினார். அந்த உதவிக்கு அழகப்பர் பின்னர்ப் பெருவிலை தர நேர்ந்தது: கோட்டைத் தலைவரின் சினத்துக்கு ஆளாகி அவர் தரங்கம்பாடியை விட்டே வெளியேற்றப்பட்டார்.

மொழி வசப்பட்ட அளவுக்கு மக்களின் உள்ளம் வசப்பட்டதா எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். வந்த தொடக்கத்தில் சீகன்பால்கு செய்த செயல் ஒன்றை மறைப்பதற்கில்லை; அவரே அதனைத் தம் மடலில் எழுதியிருக்கிறார். ஊர்ப்புறத்தே ஒரு கோயிலின் அருகில் மண்ணால் செய்த உருவங்கள் வரிசையாக நிற்கக் கண்டார். இவற்றை வணங்குவது பேதைமை என்னும் எண்ணம் மேலிட, சிலவற்றைத் தரையில் தள்ளினார். சிலவற்றின் தலைகளை உடைத்தார். அப்பொழுது அங்கு வந்த உபாத்தியாயர் ஒருவர், இவை கடவுளர் அல்லர், கடவுளின் படைவீரரே என்று அவருக்கு எடுத்துரைத்தார். பிறர் உள்ளம் புண்படும் என்பதை அவ்விளைஞர் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. தாம் உடைத்தது இன்னதென்பதையும் அறியாமலே உடைத்தார்.

அறியாமையைப் போக்கிக்கொள்ள அவர் நூல்களை நாடினார். தம்மிடம் இருந்த எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி ஓலைச் சுவடிகளை விலைக்கு வாங்கச் செய்தார். கற்றறிந்த அந்தணர் இறந்தபின் அவர்தம் மனைவியரிடம் கேட்பாரற்றுக் கிடந்த சுவடிகள் பல அவ்வாறு அவரை வந்தடைந்தன. 1708ஆம் ஆண்டில் தம்மிடம் இருந்த தமிழ் நூல்களுக்கு அவர் ஒரு பட்டியல் எழுதினார். அதில் 119 நூல்கள் இடம் பெற்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. வெறும் பெயர்ப் பட்டியலாக நில்லாமல், ஒவ்வொரு நூலும் எதனைப் பற்றியது, எத்தன்மையது என்பதையும் அது கூறுகின்றது. தமிழ் நாட்டில் இக்காலத்து நூலகங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே எழுந்த பட்டியல் அது.

அவர் நாள்தோறும் பயின்ற முறை வியப்புக்குரியது. காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை முன்பு எழுதிய சொற்களை மீண்டும் ஓதுவார். எட்டு மணி முதல் நண்பகல் வரை, முதிய புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு நூல் படிப்பார்; புலவர் பொருள் விளக்குவார்; புதிய சொற்களை எழுத்தர் குறித்துக்கொள்வார். உண்ணும் பொழுதும் ஒருவர் நூலை உரக்கப் படிக்கக் கேட்டிருப்பார். இரவில் விளக்கொளி கண்ணுக்குத் தீங்கு செய்யும் என்று அஞ்சி, பிறர் படிக்கத் தாம் செவிமடுப்பார். ஒரு நூலில் தெரியாத சொல் ஒன்றும் எஞ்சாத வரை அதனையே பன்முறை ஓதுவார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் சிறுவர் பாலப் பருவத்தில் ஓதிய கொன்றைவேந்தனை ஐரோப்பியர் தம் மொழியில் படிக்கலாயினர் என்று மகிழ இடமில்லை. அம்மொழிபெயர்ப்புகள் 1930ஆம் ஆண்டு வரை அச்சேறவில்லை.

1708 அக்டோபர் 17ஆம் நாள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். சிறிது காலத்தில் அப்பணி நின்றுவிட்டது. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியமையே அதற்குக் காரணம். தம் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதிய ஹாசியஸ், படைவீரரை அனுப்பி அவரைப் பிடித்துவரச் செய்து கோட்டையில் சிறைவைத்தார். சிறையறை சமையற்கூடத்தின் அருகில் இருந்தது. கடற்கரை வெப்பத்தோடு அடுப்பின் வெப்பமும் சேர்ந்துகொண்டது. புளூச்சோவும் அவரைக் காணலாகாது என்று தடுக்கப்பட்டார். எழுதுகோலும் மையும் மறுக்கப்பட்டன. மெலிந்த உடலினர் அவ்வறையில் ஏறத்தாழ நான்கு திங்கள் இருந்தார். 1709ஆம் ஆண்டில் வெளியே வந்தவர், சினத்துக்குச் சினம் என்று எதிர்நிற்கவில்லை. விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். அது 1711 மார்ச்சில் நிறைவுற்றது.

பின்னர் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. 1715ஆம் ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வெளிவந்தது. தமிழ் நூல் இந்திய மண்ணில் அச்சேறியது அதுவே முதன்முறை என்று சிலர் கூறுவது பொருந்தாது. தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் அச்சாயிற்று. எனினும் இடையில் நின்றுபோன அக்கலை தரங்கம்பாடியில் மீண்டும் உயிர்பெற்றது.

1713ஆம் ஆண்டில் சீகன்பால்கு மற்றொரு நூலை எழுதி முடித்தார். தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாறு அது. சிவனும் திருமாலும் முதலாக ஊர்ப்புறத்துக் காவல் தெய்வங்கள் ஈறாக, இன்ன தெய்வத்துக்கு இன்ன வடிவம், இன்ன விழா என்பவற்றை அதில் நிரல்பட விளக்கினார். தம் சமயமே மெய்ச்சமயம் என்னும் உறுதியை அவர் கைவிடவில்லை. ஆயின் மண்ணுருவங்களின் தலையை உடைத்த கை, இப்பொழுது அத்தகைய உருவங்களின் வரலாற்றைத் தமிழரிடமே கேட்டு எழுதிற்று. நூலைப் பெற்ற பிராங்கே அதனை அச்சிட உடன்படவில்லை. ஐரோப்பியர் அறிந்து ஆவதொன்றில்லை என்று அவர் கருதினார். ஹாலேயில் கிடந்த அந்நூல் 1867ஆம் ஆண்டில்தான் சென்னையில் அச்சாயிற்று.

அதனைக் காண ஆசிரியர் இலர். 1718ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்த அவர், மறு ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் தம் முப்பத்தாறாம் வயதில் இறந்தார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்து என்னும் பகுதியோடு நின்றது. அவ்வாலயத்தின் உள்ளேயே அவரை அடக்கம் செய்தனர்.