அட்லாண்டிக்கைத் தாண்டிய வால்வு

நியூ ஜெர்சியில் பேட்டர்சன் பக்கம் போகும் நம்மவர்கள் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் தனி ஆளாக அட்லாண்டிக்கைக் கடந்தாரே, அவர் விமானத்தின் இன்ஜின் இந்த ஊரில் செய்ததுதான். லிண்ட்பெர்க்கை உலகமே அறியும். இன்ஜின்காரர்கள் மத்தியில் அதே அளவு பெரிய பெயர் சாம் ஹெரான். நான் சொல்ல வந்தது அவர் கதை.

1891இல் இங்கிலாந்தில் பிறந்தவர். முதல் உலகப் போர் சமயத்தில் ஃபார்ன்பரோ அரசு விமானத் தொழிற்சாலையில், பேராசிரியர் கிப்சனோடு சேர்ந்து, காற்றால் குளிரும் சிலிண்டர்களைச் சோதிப்பது வேலை. புல்லட் பைக்கில் ஹெட்டைச் சுற்றித் தகடு தகடாக இருக்குமே, அந்த ஜாதிதான்.

இன்ஜினின் சக்தி, அது எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. வால்வைப் பெரிசாக்கினால் காற்று கூடும். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு பெரிசாக ஆக, அதன் சூடு வெளியேறுவது கஷ்டம். சிவக்கக் காய்ந்த வால்வு, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். கடைசியில் அதுவே கருகிப்போகும். ரோட்டில் என்றால் வண்டியை ஓரங்கட்டி மெக்கானிக்கைக் கூப்பிடலாம். கடல் மேலே யாரைக் கூப்பிடுவது?

சோதனைகள் காட்டிய வழி இது. இரும்புக்குப் பதில், சூட்டை வேகமாகக் கடத்தும் அலுமினியத்தில் ஹெட்டை வார்க்க வேண்டும். இரண்டு வால்வுகளையும் பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்த்து வைத்தால் நடுவில் காற்று புகுந்து போக இடம் கிடைக்கும். அடுத்து அவர் போய்ச் சேர்ந்த கம்பெனியின் முதலாளி ஜான் சிடெலி, டிசைனில் கை வைத்தார். ஹெரான் வேலையை விட்டுவிட்டார். சோதித்துப் பார்த்தவனின் பிடிவாதம், வேறென்ன!

1921இல் அமெரிக்கா வந்து, ஒஹாயோவில் ராணுவத்தின் மெக்குக் ஃபீல்டில் சேர்ந்தார். வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே திரவம் அடைக்கும் யோசனை அங்கேதான் முழு வடிவம் பெற்றது. பாதரசம், உப்புக் கலவை என்று பார்த்து, கடைசியில் சோடியத்துக்கு வந்தார். 98 டிகிரியிலேயே உருகும் உலோகம் அது. தண்டுக்குள் பாதி நிரப்பினால், வால்வு ஆடும்போது மேலும் கீழும் அலம்பி, தலையின் சூட்டைத் தண்டுக்கு இறக்கிவிடும்.

1926இல் பேட்டர்சனில் இருந்த ரைட் ஏரோநாட்டிகல் கம்பெனிக்கு வந்தார். அங்கே தயாரான வேர்ல்விண்ட் ஜே-5இல் ஹெரான் வகை ஹெட்தான். 9 சிலிண்டர், சுமார் 220 ஹெச்.பி. 1927 மே 20 காலை நியூயார்க்கில் கிளம்பிய லிண்ட்பெர்க், 33 மணி நேரத்துக்கு மேல் பறந்து பாரிஸில் இறங்கினார். ஒற்றை இன்ஜின் விமானம் அது. ஒரு வால்வு மக்கர் செய்திருந்தாலும் கதை வேறு.

அந்த இன்ஜினுக்காக 1927க்கான காலியர் கோப்பை சார்லஸ் லாரன்ஸுக்குப் போனது. அவர் தகுதியானவர்தான், இந்த வரிசை இன்ஜின்களின் மூலவரே அவர். இருந்தாலும் என் கணக்கில் பாதி ஹெரானுடையது. வேற்று நாட்டிலிருந்து வந்து டெஸ்டிங் டீமில் உட்கார்ந்திருக்கும் நம்ம பிள்ளைகளுக்கு இது புதுசாகவா இருக்கும்?

அவர் பின்னாளில் விமானப் பெட்ரோல் ஆராய்ச்சிக்குப் போனார், 1963இல் மறைந்தார். சோடியம் வால்வு இன்றும் வேகக் கார்களில் ஓடுகிறது. அடிப்பக்கம் தட்டையான ஒரு வகை சிலிண்டர் ஹெட்டுக்கு ஹெரான் ஹெட் என்றே பெயர். ஜாகுவாரின் 12 சிலிண்டர் இன்ஜினில் இருந்தது அதுதான்.