குரலால் வாழ்ந்த லெவிட்டன்

அரசனுக்குப் படை துணை. புலவனுக்குப் பாட்டு துணை. படையும் இன்றி, தாமே எழுதிய பாட்டும் இன்றி, பிறர் எழுதித் தந்ததை வாசிக்கும் குரல் ஒன்றையே துணையாகக் கொண்டு, ஒரு பெரிய நாட்டு மக்களின் நெஞ்சில் இடம் பிடித்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் சோவியத் வானொலியின் அறிவிப்பாளர் யூரி லெவிட்டன். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் குரல் மறக்கப்படவில்லை.

மாஸ்கோவுக்குக் கிழக்கே விளாதிமிர் என்னும் பழமையான நகரம் இருக்கிறது. அங்கே 1914ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஒரு யூதத் தையற்காரரின் மகனாக அவர் பிறந்தார். செல்வம் இல்லாத வீடு. ஆனால் பிள்ளையின் தொண்டையில் செல்வம் இருந்தது. தெருவில் விளையாடும் தம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்க வேண்டுமானால், அக்கம்பக்கத்துத் தாய்மார் இந்தச் சிறுவனைத்தான் கூப்பிடச் சொல்வார்களாம். தோழர்கள் அவனுக்கு எக்காளம் என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

பதினேழு வயதில் திரைப்பட நடிகனாகும் ஆசையோடு மாஸ்கோ சென்றான் அந்த இளைஞன். நடிப்புப் பள்ளியில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏமாற்றத்தோடு நின்றவன் கண்ணில் வானொலி அறிவிப்பாளர் தேர்வு பற்றிய விளம்பரம் ஒன்று பட்டது. தேர்வுக் குழுவில் புகழ்பெற்ற நாடக நடிகர் கச்சாலோவ் இருந்தார். குரல் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பேச்சுத்தான் தடையாக நின்றது. விளாதிமிர் பகுதி மக்கள் ஒகரத்தை அழுத்தி ஒலிப்பவர்கள். மாஸ்கோ பேச்சிலோ அது பல இடங்களில் அகரம்போல மெலிந்துவிடும். ஆகவே இளைஞன் வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். ஊரைவிட்டு வந்து, வேற்றிடத்தார் நடுவே பேசக் கூசி நின்ற எவருக்கும் அந்த நிலை புரியும்.

அவனைப் பயிற்சியாளனாகச் சேர்த்துக்கொண்டார்கள். பகலில் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், மற்றவர்களுக்குத் தேநீர் கொண்டுவருவதும் அவன் வேலை. எஞ்சிய நேரமெல்லாம் பயிற்சி. தாளைத் தலைகீழாகப் பிடித்தும், தாமே தலைகீழாக நின்றும்கூட அவர் வாசித்துப் பழகினார் என்பர். எந்த நிலையிலும் நாக்கு தவறக் கூடாது என்பதே நோக்கம். ஊர்ச் சாயல் மெல்ல மெல்ல அகன்றது.

அந்நாளில் இரவு நேரத்தில், மறுநாள் பிராவ்தா நாளேட்டில் வரவிருக்கும் செய்திகளை வானொலியில் நிறுத்தி நிறுத்தி வாசிப்பது வழக்கம். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் அதைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். பெருமை தராத வேலை; ஆகவே இளையவர்களிடம் விடப்பட்டது. 1934 ஜனவரியில் ஒருநாள் இரவு லெவிட்டன் அவ்வாறு வாசித்ததை ஸ்டாலின் கேட்டார். கட்சியின் 17ஆம் மாநாட்டில் தாம் அளிக்கும் அறிக்கையை அந்தக் குரலே வானொலியில் வாசிக்க வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். பல மணி நேரம் நீண்ட அந்த அறிக்கையைப் பத்தொன்பது வயது இளைஞர் பிழையின்றி வாசித்து முடித்தார். அன்றோடு அவர் பயிற்சிக்காலம் முடிந்தது.

1941 ஜூன் 22ஆம் நாள் ஜெர்மானியப் படை சோவியத் எல்லைக்குள் புகுந்தது. நண்பகலில் அமைச்சர் மோலொட்டோவ் பேசினார். அன்று போர்ச் செய்தியைத் திரும்பத் திரும்ப நாட்டுக்கு அறிவித்தவர் லெவிட்டன். அதன்பின் வீடுகளில் இருந்த வானொலிப் பெட்டிகளை ஒப்படைக்குமாறு அரசு ஆணையிட்டது. மக்களுக்கு எஞ்சியவை கம்பி வழியே ஒலிக்கும் கறுப்பு ஒலிபெருக்கிகள்தாம். வீட்டிலும் தொழிற்சாலையிலும் தெருமுனையிலும் மக்கள் அவற்றின் கீழே நின்று காத்திருந்தார்கள். மகன் இருக்கும் முனை என்னவாயிற்று, பிறந்த ஊர் யார் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் அந்தக் குரல் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பகைவர் மாஸ்கோவை நெருங்கியபோது அவரை உரால் மலைப்பக்கத்து ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகருக்கு இரகசியமாக அனுப்பினார்கள். ஒரு கட்டடத்தின் நிலவறையிலிருந்து அவர் பேசினார். 1943 மார்ச்சில் வோல்கா கரையில் உள்ள குய்பிஷெவ் நகருக்கு மாற்றினார்கள். எங்கிருந்து பேசினாலும் மாஸ்கோ பேசுகிறது என்றே அறிவித்தார். போர் முடியுமுன் ஏறத்தாழ 2,000 போர்முனைச் செய்திகளை வாசித்தார். ஹிட்லர் அவர் தலைக்கு விலை வைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், மக்கள் அதை நம்பினார்கள். ஒரு படைத்தலைவனுக்குரிய மதிப்பை ஒரு குரலுக்கு அளித்தார்கள்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. அவர் வாசித்த செய்திகள் எல்லாம் முழு உண்மை அல்ல. போரின் முதல் மாதங்களில் தோல்விகள் மென்மையான சொற்களுக்குள் ஒளிந்தன. பகைவர் இழப்பு பெருக்கிக் காட்டப்பட்டது. எழுதியவர் வேறு, வாசித்தவர் வேறு. ஆயினும் கேட்டவர்கள் எழுதியவரை அறியார், குரலைத்தான் அறிவார். அறிவிப்பாளன் தொழிலில் உள்ள பெருமையும் இதுவே, சுமையும் இதுவே. தான் ஆக்காத சொல்லுக்குத் தன் நா பொறுப்பேற்க வேண்டும். அதை எண்ணாமல் லெவிட்டனைப் புகழ்ந்தால் பாதி லெவிட்டனைத்தான் புகழ்ந்தவர் ஆவோம்.

1943 ஆகஸ்டு 5ஆம் நாள் அவருக்கு இனிய கடமை ஒன்று கிடைத்தது. குர்ஸ்க் பெரும்போரில் ஓரியோல், பெல்கோரத் என்னும் இரு நகரங்கள் மீட்கப்பட்டன. அதைக் கொண்டாட மாஸ்கோவில் பீரங்கிகள் முழங்கும் என்னும் ஆணையை அவர் வாசித்தார். அந்தப் போரில் முழங்கிய முதல் வெற்றி முழக்கம் அது.

1945 மே 9ஆம் நாள் இரவு வெற்றிச் செய்தியை வாசிக்க வேண்டிய நேரம் வந்தது. செஞ்சதுக்கத்தில் மக்கள் வெள்ளம். அதைக் கடந்து ஒலிபரப்பு நிலையத்துக்குப் போக முயன்றார். லெவிட்டன் பேசப்போகிறார், நெருக்காமல் நின்று கேளுங்கள் என்று கூட்டத்தார் அவரையே தடுத்தார்களாம்! இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நாடு முழுதும் அறிந்த மனிதரின் முகத்தை அங்கே ஒருவரும் அறியவில்லை. அவர் திரும்பிக் கிரெம்ளினுக்குள்ளேயே சென்று அங்கிருந்த ஒலிபரப்பு அறையிலிருந்து வாசித்தார்.

போருக்குப் பின் ஒரு விந்தையான இடர் நேர்ந்தது. அவர் குரல் கேட்டாலே ஏதோ பெரிய செய்தி என்று மக்கள் திடுக்கிட்டார்கள். அதனால் அன்றாடச் செய்தி வாசிப்பு அவருக்குக் குறைந்தது. 1953இல் ஸ்டாலின் மறைந்ததையும், 1961 ஏப்ரல் 12இல் ககாரின் விண்வெளி சென்றதையும் அறிவித்தவர் அவரே. மற்ற நாட்களில் செய்திப் படங்களுக்கும் ஆவணப் படங்களுக்கும் குரல் கொடுத்தார். பழைய போர்வீரர்களின் கடிதங்களை வானொலியில் வாசித்தார். நடிகனாக முடியாத இளைஞனின் குரல் இவ்வாறு திரைக்குப் போய்ச் சேர்ந்தது. போர்க்கால வாசிப்புகள் அக்காலத்தில் பதிவாகவில்லை. பின்னாளில் வரலாற்றுக்காக அவற்றை மீண்டும் வாசித்துப் பதிவு செய்தார். இன்று நாம் கேட்பவற்றுள் பல அந்தப் பதிவுகளே. 1980இல் சோவியத் மக்கள் கலைஞர் என்னும் உயர்ந்த பட்டம் அறிவிப்பாளருள் முதன்முதலாக அவருக்கு வழங்கப்பட்டது.

1983 ஆகஸ்டில் பெல்கோரத் மீட்பின் நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்தார்கள். நெஞ்சு நோய் இருந்தும் சென்றார். புரோகோரோவ்கா போர்க்களத்தில் கடும் வெயிலில் நோய் முற்றியது. ஆகஸ்டு 4ஆம் நாள் அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. மறுநாள் விழா நாள். பெல்கோரத் மீட்கப்பட்டதை அவர் நாட்டுக்குச் சொல்லிச் சரியாக நாற்பது ஆண்டு நிறையும் நாள்.

மாணவ நண்பர்களே, நாவன்மை பிறவியில் வருவது என்பார் உளர். எக்காளம் போன்ற தொண்டை லெவிட்டனுக்குப் பிறவியில் வந்ததுதான். ஆனால் பத்தொன்பது வயதில் பல மணி நேரம் தவறாமல் வாசிக்கச் செய்தது, எவரும் பாராட்டாத இரவு வேலையில் அவர் காட்டிய கருத்தே ஆகும்.