காட்டுக்குக் கணக்கெடுத்த ஜானகி அம்மாள்

பொங்கலுக்குக் கரும்பு கடிக்க எல்லாருக்கும் பிடிக்கும்தானே? கள்ளக்குறிச்சிப் பக்கம் போனால் கரும்பு வயல்களை நிறையப் பார்க்கலாம். மேற்கே கல்வராயன் மலை தெரியும். அந்த மலையில் பிறக்கும் கோமுகி ஆறுதான் கீழே இறங்கி வந்து வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. மலையில் காடு அழிந்தால் ஆறு வற்றும். ஆறு வற்றினால் கரும்பு ஏது?

கரும்புக்கும் காட்டுச் செடிகளுக்கும் இன்னொரு உறவும் இருக்கிறது. அந்த உறவை ஆராய்ந்தவர் ஒரு பெண் விஞ்ஞானி. 80 வயதுக்கு மேல், ஒரு காட்டைக் காப்பாற்றும் போராட்டத்திலும் அவர் கை கோத்தார். அவர்தான் இ.கே.ஜானகி அம்மாள். அவருடைய கதையைப் படிப்போமா?

தோட்டத்தில் தொடங்கிய ஆசை

1897-ம் ஆண்டு நவம்பர் 4-ம் தேதி, கேரளாவில் உள்ள தலைச்சேரியில் ஜானகி பிறந்தார். மிகப் பெரிய குடும்பம். அப்பா நீதிபதி. அவருக்குத் தோட்டம் போடுவதிலும் பறவைகளைக் கவனிப்பதிலும் கொள்ளை ஆசை. அந்த ஆசை மகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னைக்கு வந்தார் ஜானகி. ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்தில் பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வம். வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தபோது, எனக்குப் படிப்புதான் வேண்டும் என்று உறுதியாக நின்றார். உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931-ல் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

நாணலும் கரும்பும்

1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். விவசாயிகள் பயிரிடும் பல கரும்பு ரகங்களின் பெயர் 'கோ' என்று தொடங்குவதைக் கேட்டிருக்கிறீர்களா? அந்தக் 'கோ', கோயம்புத்தூரைக் குறிக்கிறது.

தித்திப்பான, தடிமனான கரும்பு ஒரு செல்லப்பிள்ளை மாதிரி. நோயும் குளிரும் வறட்சியும் வந்தால் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணலில் இனிப்பு குறைவு. ஆனால் அது எதையும் தாங்கும். கோவை விஞ்ஞானிகள் இந்த இரண்டையும் கலந்து, இனிப்பும் உறுதியும் உள்ள கரும்புகளை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார்கள். யாரும் மதிக்காத ஒரு காட்டுப்புல்தான் கரும்புக்குத் தெம்பு கொடுத்தது!

ஜானகி அம்மாள் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார். செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குட்டி இழைகள் உண்டு. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். செடி உயரமா, குட்டையா, இனிக்குமா, இனிக்காதா என்ற தகவல்கள் அவற்றில்தான் இருக்கின்றன. நுண்ணோக்கியில் கண் வைத்து அவற்றைப் பொறுமையாக எண்ணினார். கரும்போடு மக்காச்சோளத்தைக்கூடக் கலந்து புதிய செடியை உருவாக்கினார். ஆண்களே நிறைந்திருந்த அந்த இடத்தில் ஒரு பெண் தனியாக வேலை பார்ப்பது சுலபமாக இல்லை. ஆனாலும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை.

பிறகு லண்டன் போனார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இரவில் குண்டு விழுந்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்துவிடுவார்! 1945-ல், சி.டி.டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து ஒரு பெரிய நூலை வெளியிட்டார்.

எரிந்துபோன மரம்

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. காடு மேடெல்லாம் அலைந்து செடிகளைச் சேகரித்தார்.

ஒருமுறை ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தள்ளி, ஓர் அபூர்வ மக்னோலியா மரத்தைத் தேடிப் போனார். அந்த வட்டாரத்திலேயே அந்த வகையில் மிச்சமிருந்தது அந்த ஒரே மரம்தான். போய்ப் பார்த்தால், அது எரிந்து கிடந்தது! செடிகளைப் பற்றிப் படித்தால் மட்டும் போதாது, அவை நிற்கும் காட்டையும் காக்க வேண்டும் என்ற கவலை அவருக்குள் வளர்ந்தது. காட்டை நம்பி வாழும் மலைவாழ் மக்களுக்குச் செடிகளைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதையும் அவர் கவனித்தார். அவர்களுடைய அறிவு அழிந்துவிடக்கூடாது என்று நினைத்தார்.

அமைதிப் பள்ளத்தாக்கு

கோவைக்கு மேற்கே, பாலக்காடு மாவட்டத்தில், சைலன்ட் வேலி என்ற அடர்ந்த மழைக்காடு இருக்கிறது. அமைதிப் பள்ளத்தாக்கு என்று பொருள். நடுவே குந்திப்புழா ஆறு ஓடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத சிங்கவால் குரங்குகள் அங்கே இருக்கின்றன.

1970-களில், மின்சாரத்துக்காக அந்த ஆற்றில் அணை கட்ட ஒரு திட்டம் வந்தது. மின்சாரமும் மக்களுக்குத் தேவைதான். ஆனால் அணை கட்டினால் அந்தக் காட்டின் நடுப்பகுதி தண்ணீருக்குள் போய்விடும். முங்கிப்போன காட்டைத் திரும்ப வாங்க முடியுமா?

ஆசிரியர்களும் அறிவியல் ஆர்வலர்களும் நிறைந்த கேரள சாஸ்திர சாஹித்ய பரிஷத், ஊர் ஊராகப் போய் மக்களிடம் பேசியது. கவிஞர் சுகதகுமாரி போன்ற எழுத்தாளர்கள் எழுதினார்கள். பறவையியல் அறிஞர் சாலிம் அலி குரல் கொடுத்தார். மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கும் போனது.

80 வயதைத் தாண்டிய ஜானகி அம்மாளும் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த வேலையைக் கையில் எடுத்தார். முங்கிப்போக இருந்த அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து கணக்கெடுக்கத் துணிந்தார். என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஒரு காட்டை அழித்துவிடக்கூடாது அல்லவா? ஒரு சாதாரண நாணல் கரும்பைக் காப்பாற்றியது போல, நாளை எந்தச் செடி நமக்கு உதவும் என்று யாருக்குத் தெரியும்?

கவிஞர் கவிதை எழுதினார், ஆசிரியர் ஊர் ஊராகப் போனார், விஞ்ஞானி கணக்கெடுத்தார். தெரிந்த வேலையை ஆளுக்கொன்றாக எல்லாரும் செய்தார்கள். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது.

1984 பிப்ரவரி 7-ம் தேதி, சென்னை மதுரவாயலில் ஜானகி அம்மாள் காலமானார். கடைசிவரை ஆராய்ச்சியிலேயே இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் காடு இருக்கிறது. சிங்கவால் குரங்குகளும் இருக்கின்றன!

நீங்களும் கணக்கெடுக்கலாம்!

கல்வராயன் மலையில் கடுக்காய், தேன், புளி எல்லாம் கிடைக்கின்றன. அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு எந்த மரம் எப்போது பூக்கும், எது மருந்து என்றெல்லாம் தெரியும். உங்கள் ஊரிலும் அப்படித் தெரிந்த தாத்தா, பாட்டிகள் இருப்பார்கள்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு நண்பர்களோடு சேர்ந்து பள்ளியிலும் தெருவிலும் ஏரிக்கரையிலும் உள்ள மரம், செடிகளின் பெயர்களை எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெரியவர்களிடம் கேளுங்கள். தெரியாத இலை, காய்களை வாயில் மட்டும் வைக்காதீர்கள்! பெரியவர்கள் துணையில்லாமல் காட்டுக்குள் போகவும் வேண்டாம். நாளை யாராவது ஒரு மரத்தை வெட்ட வந்தால், அது என்ன மரம், அதில் எந்தப் பறவை கூடு கட்டும் என்று உங்களால் எல்லாரும் சேர்ந்து சொல்ல முடியும்.

என்ன குட்டீஸ், நோட்டும் பென்சிலும் ரெடியா?