பொதுவும் தனியும் கண்ட நிகார்டு

கணிப்பொறி உலகில் நிலைத்த புகழ் பெற்ற கிறிஸ்டன் நிகார்டு, 1926-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள் நார்வேயின் ஆஸ்லோ நகரில் பிறந்தார். கணிதம் பயின்ற அவர், 1948 முதல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றி, 1960-இல் நார்வே கணிப்பு மையத்தில் சேர்ந்தார். அங்கே ஓலே-யோஹன் டால் என்னும் நண்பருடன் இணைந்து 'சிமுலா' மொழியைப் படைத்தார்.

சுங்கம் வசூலிக்கும் பாலம் ஒன்றைக் கணிப்பொறியில் காட்ட முனைந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. லாரி, பேருந்து, கார் யாவும் ஒரே வரிசையில் நிற்கும். ஆயினும் ஒவ்வொன்றும் வேறு. பொதுப் பண்புகளை ஒரு வகுப்பில் ஒருமுறை எழுதி, அதன்கீழ் உள்வகுப்புகளை அமைப்பதே 'சிமுலா 67' தந்த விடை.

அம்மொழியில் ஒவ்வொரு பொருளும் தன் மாறிகளைத் தானே சுமந்தது. பிற்பாடு அமெரிக்காவில் தோன்றிய ஸ்மால்டாக் மொழி, எல்லாப் பொருள்களும் பகிர்ந்துகொள்ளும் வகுப்பு மாறியையும் வழங்கியது. நம் கல்லூரியை எண்ணிப் பாருங்கள். கல்லூரியின் பெயர் வகுப்பு மாறி. மதிப்பெண் அவரவர்க்குரிய பொருள் மாறி. மதிப்பெண்ணையும் பொதுவில் வைத்துவிட்டால், ஒருவர் தேர்வில் தவற அனைவரும் தவறியவராவோம்!

எழுபதுகளில் உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் உழைத்த நிகார்டு, ஆலைக்குக் கணிப்பொறி வரும்போது தொழிலாளியும் அதை அறிந்து கருத்துரைக்க வேண்டுமென வாதாடினார். 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது நண்பர் இருவருக்கும் கிடைத்தது. 2002 ஜூனில் டால் மறைந்தார். ஆகஸ்டில் நிகார்டும் மறைந்தார்.

பொதுவில் வைப்பது எது, அவரவரிடம் விடுவது எது என்று பகுத்தறிய, நிரல் எழுதும் ஒவ்வொரு மாணவரும் இவர்கள் வாழ்வைப் பயிலல் நலம்.